ஆட்டத்தை அமைத்தவர்

விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாம் விளையாடியவர்களைப் பற்றியே பேசுகிறோம். இது இயல்பே. பந்தை அடித்தவர் கண்ணுக்குத் தெரிகிறார், வீசியவர் தெரிகிறார், கைக்கு வந்த பந்தை நழுவ விட்டவருங்கூடத் தெரிகிறார். ஆனால், இன்ன நாளில், இன்ன மைதானத்தில், இன்ன விதிகளுக்கு உட்பட்டு, இன்ன இரண்டு கட்சிகள் ஆட வேண்டும் என்று முன்னதாகவே ஏற்பாடு செய்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் அன்றோ? அவர் பெயர் ஓட்டக் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஆட்டம் செவ்வனே நடந்தால் அவரை யாரும் நினைப்பதில்லை; நடவாமற் போனால் மட்டுமே அவரைத் தேடுவார்கள். அத்தகைய ஒருவருடைய பொது வாழ்வை இன்று மாணவ நண்பர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் அந்தோணி டி மெல்லோ. இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதற் செயலாளர் அவர். ரஞ்சிக் கோப்பைப் போட்டிக்கு வித்திட்டவரும் அவரே.

ஏற்பாடு என்பது எத்துணைப் பெரிய காரியம் என்பதை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு முறை சாலை வழியே சென்று வந்தால் போதும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் ஆலை மோட்டார் வண்டிகளைச் செய்து வருகிறது. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டில் ரெனோ-நிஸான் ஆலை தொடங்கப்பட்டது. ஒரு மோட்டார் வண்டி ஆயிரக்கணக்கான உறுப்புகளால் ஆனது. அவை யாவும் ஓரிடத்தில் செய்யப்படுவன அல்ல. கண்ணாடி ஓர் ஆலையிலிருந்து வரும். டயர் மற்றோர் ஆலையிலிருந்து வரும். இருக்கை வேறோர் ஆலையிலிருந்து வரும். எல்லாம் குறித்த வேளையில், குறித்த வரிசையில் வந்து கூட வேண்டும். ஒரே ஓர் உறுப்பு வரத் தாமதித்தாலும் வரிசை முழுவதும் நின்றுவிடும். அப்பொழுது வேலையாள் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். திறமை வேறு, திறமைக்கு வேளையும் இடமும் வகுத்துத் தருகிற ஏற்பாடு வேறு.

அதே இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் ஒன்றும் உண்டு. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் முன்பு சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தி வந்தது. 1990-ஆம் ஆண்டு முதல் இந்தப் புதிய தடம் பயன்பட்டு வருகிறது. பந்தய நாளன்று கூட்டம் பார்ப்பது வண்டியோட்டியை. ஆயினும் வண்டியைச் சோதித்து அனுமதிப்போர், வளைவுதோறும் கொடியேந்தி நிற்போர், நேரத்தைக் கணிப்போர் ஆகியோர் இல்லையேல் அங்கு நடப்பது பந்தயமாகாது. வெறும் வேகமே ஆகும்.

இந்த உண்மை அம்மண்ணுக்குப் புதியதன்று. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுசரைத் தத்துவ ஆசிரியராகவே நாம் பெரிதும் அறிவோம். திருவரங்கம் பெரிய கோயிலில் எந்தப் பணியை யார், எந்த முறையில் செய்ய வேண்டும் என்று வகுத்தவரும் அவரே என்று கோயிலொழுகு கூறும். அதனை ‘உடையவர் திட்டம்’ என்று இன்றும் வழங்குவர். பக்திக்கும் திட்டம் வேண்டியிருக்க, பந்தாட்டத்திற்கு வேண்டாவா?

இனி, டி மெல்லோவுக்கு வருமுன், அவர் காலத்திலேயே உலகின் மறுகோடியில் இதே தொழிலைச் செய்த ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். இருவரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால்தான் நான் சொல்ல வந்த செய்தி விளங்கும்.

கனடா நாட்டில் குளிர் காலத்தில் உறைந்த பனித்தளத்தின்மீது சறுக்குக் காலணி அணிந்து ஹாக்கி ஆடுவர். அங்கே பந்து கிடையாது; தட்டையான ரப்பர் வட்டுதான் உண்டு. அந்த ஆட்டத்திற்கான தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பு 1917-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மாண்ட்ரியல் நகரத்து விண்ட்சர் ஹோட்டலில் தோன்றியது. தோன்றிய விதம் வேடிக்கையானது. முன்பிருந்த சங்கத்தில் டொரான்டோ கட்சியின் உரிமையாளர் ஒருவரோடு மற்றவர்களுக்கு ஒத்துப் போகவில்லை. அவரை வெளியேற்ற வழி காணாத மற்றவர்கள், பழைய வீட்டை அவருக்கே விட்டுவிட்டுப் புது வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தப் புது வீட்டுக்குத் தலைவராகவும் செயலாளராகவும் பொருளாளராகவும் ஒருங்கே அமர்த்தப்பட்டவர் ஃபிராங்க் கால்டர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1877-இல் பிறந்து, கனடாவில் குடியேறி, பள்ளி ஆசிரியராக இருந்து, பின்பு பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதியவர். பனி ஹாக்கி ஆடிப் புகழ் பெற்றவர் அல்லர்.

முதற் பருவத்திலேயே சோதனை வந்தது. 1918 ஜனவரி 2-ஆம் நாள் மாண்ட்ரியல் ஆட்டக்கூடம் தீக்கிரையாயிற்று. இரண்டு கட்சிகள் தங்குமிடம் இழந்தன. அவற்றுள் வாண்டரர்ஸ் என்னும் கட்சி அதன்பின் ஆடவே இல்லை. மூன்றே கட்சிகளைக் கொண்டு கால்டர் பருவத்தை முடித்து வைத்தார். அதே மாதத்தில் ஒரு விதியையும் மாற்ற நேர்ந்தது. இலக்குக் காப்பவர் பனித்தளத்தில் விழுந்து வட்டைத் தடுக்கலாகாது என்பது பழைய விதி. ஆட்டவா கட்சியின் காப்பாளர் கிளிண்ட் பெனடிக்ட் என்பவரோ, தவறி விழுந்தாற்போல அடிக்கடி விழுந்து தடுத்தார். விழுந்தாரா, வீழ்ந்து காட்டினாரா என்று நடுவர் எப்படி அறிவார்? நிறைவேற்ற இயலாத விதியைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட நீக்குவதே மேல் என்று முடிவாயிற்று. அன்று முதல் காப்பாளர் விழுவது குற்றமன்று. நல்ல நிர்வாகத்தின் இலக்கணங்களுள் இது ஒன்று என்பது என் கருத்து. 1926-ஆம் ஆண்டுக்குள் அந்த லீக் கனடாவைக் கடந்து அமெரிக்க நகரங்களிலும் பரவி, பத்துக் கட்சிகள் கொண்டதாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

அந்தோணி டி மெல்லோ 1900-ஆம் ஆண்டு கராச்சியில் பிறந்தவர். டில்லியில் கிராண்ட் கோவன் என்னும் ஆங்கிலத் தொழிலதிபரின் நிறுவனத்தில் பணியாற்றியவர். அக்காலத்து இந்தியாவில் கிரிக்கெட் இருந்தது. இந்தியக் கிரிக்கெட் என்று ஒன்று இல்லை. பம்பாயில் ஓர் ஆட்டம், சென்னையில் பொங்கலை ஒட்டி ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் ஓர் ஆட்டம், சமஸ்தானங்களில் மகாராஜாக்களின் விருப்பப்படி ஓர் ஆட்டம் என்று அது சிதறிக் கிடந்தது. எல்லாவற்றிலும் புகழ் வாய்ந்தது பம்பாயில் நடந்த போட்டியே. அதில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எனச் சமயத்திற்கும் இனத்திற்கும் ஒரு கட்சியாக ஆடினர். 1937 முதல் ‘மற்றவர்கள்’ என்று ஐந்தாவது கட்சியும் சேர்ந்தது. கராச்சியில் பிறந்த ஒரு கிறிஸ்தவ இளைஞன் அந்தப் போட்டியில் எந்தக் கட்சிக்காக ஆடுவான்? நெடுங்காலம் அவனுக்கு அங்கே இடமே இல்லை.

1926-27-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆர்தர் கில்லிகன் தலைமையில் இங்கிலாந்தின் எம்.சி.சி. கட்சி இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் சி. கே. நாயுடு அவர்களுக்கு எதிராக 153 ஓட்டங்கள் குவித்தார். அவற்றுள் ஆறு ஓட்ட அடிகள் மட்டும் 11. கில்லிகன் வியந்தார். டில்லியில் கோவனும் டி மெல்லோவும் பாட்டியாலா மகாராஜாவும் அவரைச் சந்தித்தபோது, நாடு முழுமைக்குமான ஒரு வாரியத்தை அமைத்துக்கொண்டால் இந்தியா உலக அரங்கில் இடம் பெறலாம் என்று அவர் ஊக்கமூட்டினார்.

இவ்வாறு ஊக்கமூட்டுவோர் எங்கும் உண்டு. ஊக்கத்தை நடவடிக்கைக் குறிப்பாக மாற்றுவோரே அரியர். டி மெல்லோ மாகாணந்தோறும் கடிதம் எழுதினார். சங்கம் இல்லாத மாகாணத்தில் சங்கம் அமைக்கத் தூண்டினார். 1927 நவம்பரில் டில்லியில் பிரதிநிதிகள் கூடினர். 1928 டிசம்பரில் வாரியம் உருப்பெற்றது. கோவன் தலைவர், டி மெல்லோ செயலாளர். முதலில் ஒப்பிய மாகாணச் சங்கங்கள் சிலவே. முயற்சி உடனே பலிக்கவும் இல்லை. 1930-31-இல் வருவதாயிருந்த இங்கிலாந்துக் கட்சி, சட்ட மறுப்பு இயக்கம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்ததால் வரவில்லை. ஆயினும் 1932 ஜூன் 25-ஆம் நாள் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியது. 1933 டிசம்பரில் பம்பாயில் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது. அதில் லாலா அமர்நாத் 118 ஓட்டங்கள் எடுத்தார்; இந்தியர் ஒருவர் டெஸ்ட் பந்தயத்தில் எடுத்த முதல் நூறு அதுவே. அந்த மேடையை அமைத்த கூட்டத்தில் முன்னின்றவர் டி மெல்லோ. இந்த இரு பெயர்களையும் நினைவில் இருத்துங்கள்; மீண்டும் ஒருங்கே வரும்.

1934-ஆம் ஆண்டுக் கோடையில் சிம்லாவில் வாரியம் கூடியபோது, மாகாணங்களுக்கிடையே ஆண்டுதோறும் ஒரு சாம்பியன் பந்தயம் நடத்த வேண்டும் என்று டி மெல்லோ முன்மொழிந்தார். கையோடு ஒரு கோப்பையின் ஓவியத்தையும் கொண்டு போயிருந்தார். வெறுங் கருத்தைச் சொன்னால் கேட்டுவிட்டுக் கலைந்து போவார்கள். கண்ணால் காணும்படி ஓர் உருவத்தைக் காட்டினால் யாரேனும் அதனை வாங்கித் தர முன்வருவார் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அவ்வாறே நடந்தது. பாட்டியாலா மகாராஜா எழுந்து, ஐந்நூறு பவுன் பெறுமான பொற்கோப்பையைத் தாமே அளிப்பதாகவும், அதற்கு முந்திய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்கின் பெயர் சூட்ட வேண்டும் என்றும் கூறினார். வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரால் வேறொரு கோப்பையை நிறுத்தவும் இடையில் முயற்சி நடந்தது. இறுதியில் ரஞ்சியின் பெயரே நிலைத்தது.

முதற் பந்தயம் எங்கே நடந்தது தெரியுமா? நம் சேப்பாக்கத்தில்தான். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சென்னைக் கட்சியும் மைசூர்க் கட்சியும் மோதின. சென்னையின் எம். ஜே. கோபாலன் முதற் பந்தை வீசினார். மைசூர் 48 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடியும் 59-க்கு ஆட்டமிழந்தது. இன்னிங்ஸோடு 23 ஓட்டங்கள் மிகுதியாகச் சென்னைக்கு வெற்றி. எல்லாம் ஒரே பகலில் முடிந்துவிட்டது. ஏ. ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அன்று முதற் பந்தை வீசிய கோபாலன், கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் நாட்டுக்காக ஆடிய பெருமையுடையவர்.

ஒரே நாளில் முடிந்த அந்த ஆட்டத்தின் சிறப்பு அதன் ஓட்டக் கணக்கில் இல்லை. அதில் ஆடியவர்கள் எந்தச் சமயத்தவர் என்று கேட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். சென்னைக் கட்சியின் தலைவர் ஜான்ஸ்டன் ஆங்கிலேயர், ராம்சிங் சீக்கியர், கோபாலன் தமிழ்நாட்டவர். மூவரும் ஒரே கட்சியினர். ஊர்தான் அவர்களை இணைத்தது. பம்பாய்ப் போட்டியோ அப்பொழுதும் பெருங்கூட்டத்தை ஈர்த்து வந்தது. விளையாட்டிற் சமயப் பிரிவினை வேண்டா என்று 1940-இல் காந்தியடிகள் கூறினார். ஆனாலும் அந்தப் போட்டி 1946 வரை விட்டு விட்டேனும் நடந்தது; பின்பு நின்றது. ரஞ்சிக் கோப்பை நிலைத்தது. ஒரு தீய வழக்கத்தை ஒழிக்கக் கண்டனம் மட்டும் போதாது. அதனிடத்தில் வைக்க ஒரு நல்ல வழக்கம் ஆயத்தமாயிருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதனை ஆயத்தம் செய்து வைத்தவர்களுள் டி மெல்லோ ஒருவர். அவருடைய வாழ்நாள் பணிகளுள் இதனையே நான் தலையாயது என்பேன்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. பம்பாயில் கடலைத் தூர்த்து மீட்ட நிலத்தில் இந்தியக் கிரிக்கெட் கிளப்பின் பிரபோர்ன் மைதானம் எழ முன்னின்றார். 1937 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. 1938 முதல் வாரியத்தின் தலைமையைச் சென்னையின் முன்னாள் முதன் மந்திரி டாக்டர் பி. சுப்பராயன் வகித்தார், அவருக்குப் பின் 1946-இல் டி மெல்லோ தலைவரானார். 1951 மார்ச்சில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி டில்லியில் நடந்தது. 11 நாடுகள் பங்கேற்றன. அதன் ஏற்பாட்டைப் பொறுப்பேற்று நடத்தியவரும் இவரே. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த நாடு, ஆசிய நாடுகளை அழைத்து விருந்தோம்பி, குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் முடித்துக் காட்டியது.

இதுவரை சொன்னது வளர்பிறை. இனித் தேய்பிறையையும் சொல்லாவிட்டால் நான் புகழுரை பாடியவன் ஆவேன். வரலாறு சொன்னவன் ஆகேன்.

1949-இல் வாரியத் தலைவர் டி மெல்லோ, இந்தியக் கட்சியின் தலைவராயிருந்த லாலா அமர்நாத்தை ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்ததாக அறிவித்தார். தொடர்ந்து தகாத முறையில் நடந்தார், ஒழுங்கை மீறினார் என்பன குற்றச்சாட்டுகள். அமர்நாத் பணிந்து போகிறவர் அல்லர். நீண்ட மறுப்பு அறிக்கை ஒன்றைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நாடு இரண்டுபட்டது. குற்றம் சாட்டியவரும் தலைவர். தீர்ப்புக் கூறும் அமைப்புக்கும் அவரே தலைவர். இரண்டும் ஒரே கையில் இருந்தமையால், குற்றச்சாட்டில் உண்மை எவ்வளவு என்று நடுநிலையோர் அறிந்துகொள்ள வழியில்லாமற் போயிற்று. சில காலத்திற்குப் பின் உடன்பாடு ஏற்பட்டுத் தடை நீங்கியது. 1951-இல் சங்கப் பிரதிநிதிகளின் ஆதரவு மாறி, வாரியத் தலைமை ஜே. சி. முகர்ஜியிடம் சென்றது. 1952-இல் பாகிஸ்தான் முதன்முறையாக டெஸ்ட் ஆட வந்தபோது இந்தியக் கட்சிக்குத் தலைமை வகித்தவர், விலக்கி வைக்கப்பட்டிருந்த அதே அமர்நாத். தொடரை வென்றும் கொடுத்தார்.

கனடாவிலும் இதைப் போன்றதொரு நிகழ்ச்சி உண்டு. 1925-இல் ஹாமில்டன் கட்சி பருவ முடிவில் முதலிடம் பெற்றிருந்தது. பருவத்தில் ஆட்டங்களின் எண்ணிக்கை 24-லிருந்து 30-ஆக உயர்த்தப்பட்டிருந்தது; சம்பளமோ உயரவில்லை. ஆளுக்கு 200 டாலர் கூடுதலாகத் தந்தாலன்றி இறுதிக்கட்ட ஆட்டங்களில் இறங்கோம் என்றனர் ஆட்டக்காரர்கள். மிகுதியாக உழைத்தவன் மிகுதியான கூலி கேட்பது அநியாயமன்று என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் அவ்வாறே நினைக்கிறேன். கால்டர் அவர்களை விலக்கி வைத்தார். ஆளுக்கு 200 டாலர் அபராதமும் விதித்தார். கேட்ட தொகையே அபராதமாயிற்று! அக்கட்சி அத்தோடு மறைந்தது. ஆட்டக்காரர்கள் நியூயார்க்குக்குக் கைமாறினார்கள். கால்டரோ பதவியில் நீடித்தார். 1917 முதல் 1943 பிப்ரவரியில் இறக்கும் வரை அவரே தலைவர். தலைவர்கள் கூடிய கூட்டம் ஒன்றில் நெஞ்சு வலி கண்டு, சில நாட்களில் உயிர் நீத்தார். இன்றும் அந்த லீக்கில் சிறந்த புதுமுக ஆட்டக்காரருக்கு அவர் பெயராலேயே பரிசு வழங்கப்படுகிறது.

இருவரையும் சீர்தூக்கிப் பார்த்தால் ஓர் ஐயம் எழுகிறது. இறுதி மூச்சுவரை பதவியில் இருந்த கால்டர் வெற்றி பெற்றவரா? தாம் கட்டிய வாரியத்தாலேயே விலக்கப்பட்ட டி மெல்லோ தோற்றவரா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். என் மனம் அதனை ஒப்பவில்லை. ஒருவர் கட்டிய வீடு அவரையே பார்த்து ‘இனி நீர் போகலாம்’ என்று சொல்லும் வலிமை பெற்றிருக்கிறதென்றால், அந்த வீட்டை அவர் உறுதியாகக் கட்டியிருக்கிறார் என்றே பொருள். டி மெல்லோ விலகியதும் ரஞ்சிக் கோப்பை நின்றுவிடவில்லை, வாரியமும் கலைந்துவிடவில்லை. மறு ஆண்டே, 1952 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில் இந்தியா இங்கிலாந்தை இன்னிங்ஸோடு 8 ஓட்டங்களில் வென்றது. இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. வினூ மன்கட் அந்தப் பந்தயத்தில் 12 விக்கெட்டுகளை எடுத்தார். வென்றவர்கள் ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்களில் ஆடிப் பழகியவர்கள். வென்ற இடமோ அக்கோப்பையின் முதற் பந்து வீசப்பட்ட இடம். அந்த வெற்றியன்று டி மெல்லோ தலைவர் பதவியில் இல்லை. இருந்தும் அவ்வெற்றியில் அவருக்குப் பங்கு இல்லையென்று யார் சொல்ல முடியும்? 1954-55-இல் சென்னை மாநிலமும், 1987-88-இல் தமிழ்நாடும் அக்கோப்பையை வென்றன. இந்தியாவில் நடக்கும் இங்கிலாந்துத் தொடருக்கு டி மெல்லோவின் பெயரால் ஒரு கோப்பையும் ஏற்பட்டது. 2024-ஆம் ஆண்டுத் தொடரும் அக்கோப்பைக்காகவே நடந்தது.

ஆனால், விலகுவது ஒருவருடைய தோல்வியால் மட்டுமே நேர வேண்டுமா? பகையின்றி, பழியின்றி, முறைப்படி விலகுவதற்கு ஒரு வழி இருக்கலாகாதா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் கனடாவுக்குப் போக வேண்டா. டில்லிக்கும் போக வேண்டா. ஒரகடத்திலிருந்து தென்மேற்கே காஞ்சிபுரம் மாவட்டத்திற்குள்ளேயே உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றிலே பொறிக்கப்பட்டுள்ளன. ‘வாரியம்’ என்ற சொல்லே அக்கல்வெட்டுகளில் வருகிறது. பின்னைய கல்வெட்டின்படி உறுப்பினருக்கு வயது 35-க்கு மேலும் 70-க்கு உட்பட்டும் இருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியப் பணி செய்தவர் மீண்டும் வரலாகாது. பணி செய்து கணக்குக் காட்டாதவர் ஒருபோதும் வரலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. நிலமும் கல்வியும் உடையோர்க்கே அத்தேர்தல் உரியதாயிருந்தது; எல்லோருக்கும் உரியதன்று. அந்தக் குறையை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பதவியில் அமர்ந்தவரை எவ்வாறு எழுப்புவது என்பதை அவர்கள் ஆழ்ந்து சிந்தித்திருந்தார்கள்.

ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், நீதிபதி லோதா குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றுக் கிரிக்கெட் வாரியத்திற்கு ஆணையிட்டது. அவற்றுள் இரண்டைக் கேளுங்கள்: 70 வயது கடந்தவர் பதவி வகிக்கலாகாது, ஒரு பதவிக் காலம் முடிந்தபின் மூன்றாண்டு இடைவெளி விட வேண்டும். கல்வெட்டின் எண்களும் ஆணையின் எண்களும் ஒத்து வந்தது தற்செயலாயிருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் காரணமான மனித இயல்பு ஒன்றே. இடைவெளி பற்றிய விதி பின்னர் 2018-லும் 2022-லும் தளர்த்தப்பட்டது. எவ்வளவு இடைவெளி தகும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இடைவெளியே வேண்டா என்று சொல்வதற்கில்லை. 1949-இல் அத்தகைய தெளிவான விதிகளும், குற்றச்சாட்டை விசாரிக்கத் தனியான ஒரு நடுவரும் இருந்திருப்பின், டி மெல்லோவுக்கும் அமர்நாத்துக்கும் இடையே எழுந்த பூசல் இருவருடைய புகழையும் அவ்வளவு தூரம் மாசுபடுத்தியிராது.

டி மெல்லோ 1961-இல் டில்லியில் காலமானார். இறப்பதற்குச் சில காலம் முன்பு, தாம் கண்ட இந்திய விளையாட்டைப் பற்றி நூல் ஒன்றும் எழுதினார். ஓட்டங்கள் குவித்துப் பெயர் பெற்றவர் அல்லர் அவர். ஓட்டங்கள் குவிக்கப்படுவதற்கான களத்தைச் சமைத்தவர்.

மாணவ நண்பர்களே! உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் விளையாட்டுச் செயலாளர் என்று ஒருவர் இருப்பார். நாளையோ நாளை மறுநாளோ அப்பொறுப்பு உங்களுள் ஒருவருக்கு வரலாம். ஒரகடத்து ஆலை ஒன்றில் சேருகிறவருக்கு அங்குள்ள தொழிலாளர் விளையாட்டுக் குழுவை நடத்தும் பொறுப்பும் வரலாம். அதனைச் சிறிதென்று எண்ணாதீர்கள். கட்சிகளின் பட்டியலை உரிய காலத்தில் எழுதி ஒட்டுங்கள். எவரையும் பிறப்பைக் கேட்டுப் பிரிக்காதீர்கள். நிறைவேறாத விதியை மாற்றுங்கள். நிறைவேறும் விதியை நண்பனுக்காகத் தளர்த்தாதீர்கள். உங்களை எதிர்த்துப் பேசுகிறவனை விசாரிக்க நேர்ந்தால், அந்த விசாரணையை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். செலவான ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதுங்கள். ஆண்டு முடிந்ததும் கணக்குப் புத்தகத்தையும் பந்து வைத்திருக்கும் பெட்டியின் சாவியையும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, மைதானத்தின் ஓரத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து ஆட்டத்தைப் பாருங்கள். நீங்கள் இல்லாமலும் ஆட்டம் நடப்பதைக் காணும் மகிழ்ச்சிக்கு ஈடான பரிசு, ஏற்பாடு செய்கிறவர்களுக்கு வேறொன்றும் இல்லை.